சொல்லியாச்சு

1. ஒரு போன்

“எந்தப் பொன்னிங்க சிஸ்டர்? அந்தப் பேர்ல எங்களுக்கு சாம்பிளே வரலீங்களே!”

பிளட் பேங்க் டெக்னீஷியன் சேகர் போனில் இப்படிக் கேட்டபோது சாயங்காலம் நாலரை மணி. எனக்குப் பத்தடி பின்னால், லேபர் ரூமில், பொன்னி என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு இரண்டு யூனிட் ரத்தம் காலையிலேயே ஏற்பாடாகிவிட்டது என்று வார்டில் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். எல்லாரையும்விட உறுதியாக நம்பியது நான்.

என் பெயர் ஸ்டெல்லா. முப்பத்தோரு வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. இப்போது ஓய்வு பெற்று அதியமான்கோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். இந்தச் சம்பவம் நடந்தது தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில். எது என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் என் குணத்தையும் மாற்றவில்லை.

என் குணம் கோபம். பொசுக்கென்று வரும், வந்தால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்காது. வார்டில் என் முதுகுக்குப் பின்னால் என்னை மொளகா சிஸ்டர் என்பார்கள். அது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் டியூட்டியில் தரை பளிச்சென்று இருக்கும், கேஸ் ஷீட் ஒழுங்காக இருக்கும், உறவுக்காரர்கள் கூட்டம் வார்டுக்குள் நிற்காது, யாரும் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். இதற்குப் பெயர்தான் நல்ல டியூட்டி என்று அத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக நர்ஸிங் முடித்து வருகிற பிள்ளைகள் மருந்து, மெஷின் எல்லாம் எங்களைவிட நன்றாகவே படித்துவிட்டு வருகிறீர்கள். அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுதுவது ஒரு வார்த்தையைப் பற்றி.

2. நாலாம் கட்டில்

பொன்னி சித்தேரி மலையிலிருந்து வந்தவள். அது இரண்டாவது பிரசவம். மூத்தவன் நான்கு வயதுப் பையன், ஊரில் அத்தை வீட்டில் இருந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு என்று வந்திருக்கிறது. நிறைமாதத்தில் பதினொன்றாவது இருக்கவேண்டும். “இங்க வெச்சுப் பாக்க முடியாது, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் அண்ணாமலை அவளை மலைப் பஸ்ஸில் கூட்டிவந்து முந்தின நாள் மாலை எங்கள் வார்டில் சேர்த்திருந்தான்.

அவளுக்கு நாலாம் கட்டில் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டில் நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரே இருக்கும். கவனித்துக்கொண்டே இருக்கவேண்டிய கேஸை அங்கேதான் போடுவோம். மேஜைக்குப் பின்னால் எங்கள் நாற்காலி, நாற்காலிக்கு முதுகுப்பக்கம் ஒரு ஜன்னல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு டாக்டர் கவிதா ரவுண்ட்ஸ் வந்தார். நல்ல டாக்டர், கைராசிக்காரர். அன்று அவருக்கு வரிசையாக மூன்று சிசேரியன். கால் தியேட்டரைப் பார்த்துத்தான் நின்றது. பொன்னியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் தாளாக இருந்தது.

“இவங்களுக்கு ரெண்டு யூனிட் பிளட்டுக்குச் சொல்லிடுங்க. ஒண்ணு இன்னிக்கே ஏத்திடணும்” என்று சொல்லிக்கொண்டே ஐந்தாம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது அங்கே இல்லை. என்னுடையது மதிய டியூட்டி, ஒரு மணிக்குத்தான் ஆரம்பம். காலை டியூட்டி சுமதி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், சுறுசுறுப்பு, வேலைக்கு அஞ்சாதவள். காலையில் நடந்ததெல்லாம் பிறகு அவள் அழுதுகொண்டே சொல்லி எனக்குத் தெரிந்ததுதான்.

ரத்தம் வாங்குவது என்றால் போனில் சொல்லிவிட்டால் வந்துவிடாது. நோயாளியிடமிருந்து சாம்பிள் எடுத்து டியூபில் பெயர் எழுதி ஒட்டவேண்டும். ஒரு ஃபார்ம் எழுதி அதில் டாக்டர் கையெழுத்து வாங்கவேண்டும். இரண்டையும் ஆள் கையில் கொடுத்து ஓ.பி. கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிளட் பேங்குக்கு அனுப்பவேண்டும். அங்கே இவள் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து எடுத்துவைப்பார்கள். இதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

சுமதி பத்து மணிக்கு சாம்பிள் எடுத்தாள். பெயர் ஒட்டினாள். ஃபார்ம் எழுதினாள். கையெழுத்துக்குப் பார்த்தால் டாக்டர் தியேட்டருக்குள் போய்விட்டார். டியூபையும் ஃபார்மையும் ஒரு ஸ்டீல் ட்ரேயில் வைத்து, கை தட்டி விழாமல் இருக்க ஜன்னல் திட்டில் வைத்தாள். வார்டில் உதவிக்கு இருந்த முனியம்மா, “இதக் கொண்டும்போயி குடுத்துட்டு வந்துரட்டுங்களா?” என்று கேட்டிருக்கிறாள். “டாக்டர் கையெழுத்து ஆவல. இரு, சொல்றேன்” என்றாள் சுமதி.

பிறகு, நல்ல எண்ணத்தில்தான், சேகருக்கு போன் செய்தாள். நாலாம் பெட்டுக்கு ரெண்டு யூனிட் வேணும், சாம்பிள் அனுப்பறோம் என்றாள். அனுப்புங்க சிஸ்டர், பண்ணிரலாம் என்றான் அவன். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் ‘பெட் நாலு, பிளட் இன்ஃபார்ம்டு’ என்று ஒரு வரியும் போட்டுவிட்டாள். இரண்டு சிசேரியனுக்கு நடுவில் டாக்டர் அதைப் பார்த்துக் கட்டைவிரல் போட்டார். சேகர் ஒரு கட்டைவிரல் போட்டான். மதிய டியூட்டிக்கு அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். அவள் அந்த வரியைப் போட்ட கால் மணி நேரத்தில் இரண்டு பிரசவ கேஸ் ஒன்றாக வந்து சேர, சுமதி லேபர் ரூமுக்குள் போனவள் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வெளியே வந்தாள். ட்ரே ஜன்னல் திட்டிலேயே இருந்தது.

3. டியூட்டி மாறும் நேரம்

எங்கள் வார்டில் பத்தொன்பது கட்டில். டியூட்டி ஒப்படைக்கக் கிடைப்பது கால் மணி நேரம். மேஜைப் பக்கத்தில் நின்றபடியே காலை டியூட்டி சொல்லும், மதிய டியூட்டி நோட்டில் எழுதிக்கொள்ளும்.

“நாலாம் பெட் பொன்னி. ரெண்டாவது பிரசவம். ஹெச்பி ஆறு எட்டு. லேசா வலி ஆரம்பிச்சிருக்கு. பிளட்டுக்குச் சொல்லியாச்சு.”

“சரி. அஞ்சாம் பெட்?”

இவ்வளவுதான் பேச்சு. ‘பிளட் சொல்லியாச்சு’ என்று நோட்டில் எழுதினேன். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, சாம்பிள் போய்விட்டதா என்று கேட்டிருந்தால் பத்து விநாடி ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை. சுமதி சொன்னது பொய்யும் இல்லை. அவள் சொல்லித்தான் இருந்தாள்.

இரண்டு மணிக்கு முனியம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் மருந்துக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சிஸ்டர், அந்த ஜன்னல்கிட்ட ட்ரேயில வந்து...”

“முனியம்மா, நான் கையில ஒரு வேலைய எடுத்தாத்தான் ஒனக்கு ட்ரே ஞாபகம் வரும், தட்டு ஞாபகம் வரும். ஏழாம் பெட்டுக்கு பெட்ஷீட் மாத்தச் சொன்னேனே, என்னாச்சு?”

“மாத்திட்டேங்க.”

“அப்ப போயி லேபர் ரூமத் தொடச்சு வை. நிக்காத இங்க.”

போய்விட்டாள். அந்த வார்டில் எனக்கு முன்னாலிருந்தே வேலை செய்தவள் அவள். என்ன சொல்ல வந்தாள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் ஜன்னல் என் கண்ணில் பட்டிருக்கும்.

மூன்று மணிக்கு அண்ணாமலை உள்ளே வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மேஜைக்கு நாலு அடி தள்ளியே நின்றான். ஒல்லியான ஆள், குரலும் மெல்லிசு.

“நர்சம்மா, ரத்தம் ஏத்தணும்னு காலைல டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் ஏத்தலீங்களே. ரத்தம் இல்லீன்னா நான் குடுக்கறனுங்க. எங்க போவணும்னு மட்டும் சொல்லுங்க.”

“அதெல்லாம் சொல்லியாச்சுப்பா. நீ நெனச்ச நேரத்துக்கு ஏத்தறதுக்கு இது ஒன் வூடா? ஆம்பளைங்க வார்டுக்குள்ள வரக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கே, பாக்கல? வெளிய போயி உக்காரு.”

“சரிங்க” என்று பொன்னியை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனான். அவனோடு சண்டை போடவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. கேள்வி கேட்டான் என்பதுதான் அவன் செய்த குற்றம்.

மூன்றரைக்குத் தியேட்டரிலிருந்து டாக்டர் போன் செய்தார். “சிஸ்டர், பொன்னி பிளட் என்னாச்சு?”

“சொல்லியாச்சு மேடம்.”

“குட்.”

அவர் காதில் அது ‘ரத்தம் தயாராக இருக்கிறது’ என்று விழுந்தது. அந்தப் பக்கம் சேகர், ‘சொல்லியிருக்காங்க, சாம்பிள் வரட்டும்’ என்று உட்கார்ந்திருந்தான். சுமதி, ‘சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன், கையெழுத்து வாங்கி அனுப்பிருப்பாங்க’ என்று நினைத்து வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஒருவர்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை.

4. அரை மணி நேரம்

மூன்றே முக்காலுக்கு பொன்னிக்கு வலி கடுமையானது. லேபர் ரூமுக்குக் கொண்டுபோனோம். நாலேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல அழுகை, நல்ல எடை. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிரசவம் முடிந்தால் கர்ப்பப்பை சுருங்கிக் கல் மாதிரி கெட்டியாகவேண்டும். கையில் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை. அழுத்தித் தேய்த்தேன். ஆக்ஸிடோசின் டிரிப்பை வேகமாக்கினேன். கீழே ரத்தம் பைப் திறந்ததுபோல வந்தது.

தியேட்டருக்கு ஆள் விட்டேன். டாக்டர் கவிதா தியேட்டர் உடுப்போடு ஓடிவந்தார். “பிளட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றார். அப்போதுதான் சேகருக்கு அந்த போன்.

சாம்பிளே வரவில்லை என்றான் அவன். “சொல்லியாச்சுன்னாங்களே” என்றேன். அப்போதும் அந்த வார்த்தைதான் என் வாயில் வந்தது.

“சொன்னாங்க சிஸ்டர். சாம்பிள் அனுப்பறோம்னு சொன்னாங்க. வரல.”

போனை வைக்கக்கூட இல்லை, முனியம்மா என் முன்னால் ட்ரேயோடு நின்றாள். உள்ளே ஊதா மூடி போட்ட டியூப், அதில் சுமதியின் கையெழுத்தில் ‘பொன்னி, பெட் நாலு’. ஃபார்மில் டாக்டர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. டாக்டர் ஒரு கையை பொன்னியின் வயிற்றிலிருந்து எடுக்காமல், மறுகையின் கிளவுஸை மட்டும் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, நான் நீட்டிய அட்டைமேல் கையெழுத்துப் போட்டார். முனியம்மா ட்ரேயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல், முழங்கால் வலிக்காரி. ஓ.பி. வாசலில் செருப்பு கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல் ஓடியதை வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

சேகரும் சும்மா இல்லை. அவசர கேஸ் என்று ரத்த குரூப்பை மட்டும் சரிபார்த்து, டாக்டர் பொறுப்பில் முதல் யூனிட்டை அனுப்பினான். அப்படியும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் நாடி நூற்று நாற்பதைத் தாண்டியது, பி.பி. கிடைக்கவில்லை. பொன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆத்தா... கண்ணு இருட்டுதே” என்றாள். அப்புறம் கை தானாகவே விட்டுவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான். பிளட் பேங்கிலிருந்து திரும்பிய முனியம்மா அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளி வைத்தாள்.

உயிர் பிழைத்தாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டியதாயிற்று. நான்கு யூனிட் ஏறியது. இரண்டாவது யூனிட் வாங்க ஆள் போனபோது பிளட் பேங்க் கட்டிலில் அண்ணாமலை கையை நீட்டிப் படுத்திருந்தான். யாரும் அவனுக்கு வழி சொல்லவில்லை. முனியம்மா ஓடியதைப் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடியிருக்கிறான்.

“காலைலயே ஒரு யூனிட் ஏறியிருந்தா அந்தப் பொண்ணு உடம்பு கொஞ்சம் தாங்கியிருக்கும். எனக்கு டைம் கெடச்சிருக்கும்” என்றார் டாக்டர் தியேட்டரிலிருந்து வெளியே வந்து. கர்ப்பப்பையை எடுக்காமலேயே சமாளித்திருக்க முடியுமா என்று கேட்டேன். “தெரியல சிஸ்டர்” என்றார். இன்றுவரை எனக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

5. ஆள் இல்லாத வார்த்தை

மறுநாள் எனக்கும் சுமதிக்கும் மெமோ வந்தது. தலைமை மருத்துவர் யார் மேல் தப்பு என்று எழுதிக் கேட்டிருந்தார். நானும் பதில் எழுதத் தயாராக இருந்தேன். முதல் வரியில் சுமதியின் பெயர்தான் இருந்தது. கையெழுத்து வாங்காமல் டியூட்டி ஒப்படைத்தவள் அவள்தானே? என் பேனா என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டாக்டர் கவிதா, அந்த பதில்களை அனுப்புவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசவேண்டும் என்றார். டியூட்டி ரூமில் உட்கார்ந்தோம். டாக்டர், நான், சுமதி, சேகர். முனியம்மா கதவோரம் நின்றாள். “நீங்களும் உக்காருங்க” என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

டாக்டர்தான் ஆரம்பித்தார். “ரவுண்ட்ஸ்ல ‘பிளட்டுக்குச் சொல்லிடுங்க’ன்னேன். யாரப் பாத்துச் சொன்னேன்? யாரையும் பாத்துச் சொல்லல. நடந்துக்கிட்டே சொன்னேன். கையெழுத்துப் போடாமயே தியேட்டருக்குப் போயிட்டேன்.”

ஒரு டாக்டர் இப்படித் தன் பங்கை முதலில் எடுத்துவைத்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்கப்புறம் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. ஆறு மணி நேரமா சாம்பிள் வரலன்னு நானாச்சும் ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்றான் சேகர். சுமதி அழுதாள். முனியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் ட்ரேயப் பாத்தனுங்க. சொல்ல வந்தனுங்க” என்றாள். யாரிடம் சொல்ல வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன். “எங்கிட்டத்தான் வந்தா. நான் வெரட்டிட்டேன்.”

நோட்டை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார். ‘பிளட் சொல்லியாச்சு’. என் கையெழுத்து. அவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: “இதுல ஆள் எங்க இருக்கு சிஸ்டர்?”

உண்மைதான். நம் பேச்சில் இந்த ‘ஆச்சு’ ஒரு விசித்திரமான சங்கதி. சொல்லியாச்சு, குடுத்தாச்சு, பாத்தாச்சு, அனுப்பியாச்சு. வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், செய்த ஆள் மட்டும் இருக்கமாட்டார். சொன்னேன் என்றால் நான் மாட்டிக்கொள்வேன், சொன்னாள் என்றால் அவள் மாட்டிக்கொள்வாள். சொல்லியாச்சு என்றால் யாரும் மாட்டிக்கொள்ளமாட்டோம். கேட்பவருக்கும் நிம்மதி. வீட்டில், சமையலறையில், இந்த வார்த்தையால் ஒரு கெடுதலும் இல்லை. ரத்தம் வேண்டிய இடத்தில் இது ஒரு உயிரின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து டியூட்டி ஒப்படைக்கும்போது எங்கள் வார்டில் ஆச்சு கிடையாது. யார், யாரிடம், எத்தனை மணிக்கு, இன்னும் என்ன பாக்கி. இப்படித்தான் சொல்லவேண்டும், வாங்கிக்கொள்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ‘நான் பத்து மணிக்கு சேகருக்கு போன் பண்ணேன். சாம்பிள் இன்னும் போவல, டாக்டர் கையெழுத்து பாக்கி.’ இப்படி ஒரு வரி அன்று சொல்லியிருந்தால் போதும். பழக்கம் மாற ஒரு மாதம் ஆயிற்று. யாராவது மறந்து ஆச்சு என்றால் நாலு பேர் ஒன்றாக “யாரு?” என்பார்கள். சுமதி கொஞ்சம் தேறி வந்தபிறகு நான் ஒருநாள் “சாப்ட்டாச்சா?” என்று கேட்க, “யாரு சிஸ்டர், எத்தன மணிக்கு?” என்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

என் பதிலை நான் திருத்தி எழுதினேன். முதல் வரியில் என் பெயரைப் போட்டேன்.

6. சாமை

ஒன்றரை மாதம் கழித்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க அண்ணாமலை வந்தான். வார்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றான். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அவன் காட்டில் விளைந்த சாமை, குத்திப் புடைத்தது, மூன்று நான்கு படி இருக்கும்.

“எங்கூட்டுக்காரி குடுத்து வுட்டாளுங்க. நீங்கல்லாம் இல்லீன்னா அவ இல்லீங்க நர்சம்மா. கையெடுத்துக் கும்புடச் சொன்னா.”

கும்பிட்டான். நான் பையை வாங்கிக்கொண்டேன். நடந்தது இன்னது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். வாய் திறக்கவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் ஊரையே கூட்டுகிற வாய் அது.

அந்தப் பையை வீட்டில் அலமாரியின் மேல் வைத்தேன். ஒரு பிடி எடுத்துச் சமைக்க மனசு வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனசு வரவில்லை. அந்த ஞாயிறு கோவிலில், பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில், ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். வெளியே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. சாமியிடம் சொல்லியாச்சு, ஃபாதரிடம் சொல்லியாச்சு. சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவில்லை.

அடுத்த லீவு நாளில் மலைப் பஸ் ஏறினேன். திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. கேஸ் போட்டால் போடட்டும், கல்லை எடுத்து அடித்தாலும் அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பொன்னி வீட்டு வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சேலைத் தொட்டிலில் குழந்தை. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். “நர்சம்மா வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்தாள். அண்ணாமலை நாற்காலி கொண்டுவந்து போட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று எனக்கே பயம்.

“பொன்னி, அன்னிக்கு ஒனக்கு ரத்தம் லேட்டா வந்துச்சு. அது ஏன்னு ஒனக்குத் தெரியாது. அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற யார் பெயரையும் இழுக்கவில்லை. “நான் கேக்கல. நான் திரும்பிப் பாக்கல. ஒன் வூட்டுக்காரரு வந்து கேட்டப்பவும் சொல்லியாச்சுன்னு சொல்லி வெரட்டுனேன். காலைலயே ரத்தம் ஏறியிருந்தா ஒருவேள ஒன் கர்ப்பப்பைய எடுக்காம இருந்திருக்கலாம். நான்தாம்மா தப்பு பண்ணேன்.”

அண்ணாமலை ஒரு அடி முன்னால் வந்தான். “நான் அன்னிக்கே கேட்டனுங்களே” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பொன்னி கையிலிருந்த புளியைத் தட்டில் போட்டாள்.

“எனக்குத் தெரியுங்க” என்றாள்.

“என்னம்மா தெரியும்?”

“காலைல அந்தச் சின்ன நர்சம்மா ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்கல்ல. ஊதா மூடி போட்டது. அது உங்க நாக்காலிக்குப் பொறத்தால ஜன்னல்லயேதான் இருந்துச்சு. நான் படுத்துக்கிட்டே அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் போறாங்க, வராங்க, என் ரத்தத்த மட்டும் இன்னும் எடுத்துட்டுப் போவலயேன்னு.”

“ஏம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?” என்றேன். கேட்கும்போதே அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது.

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு தொட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இவரு கேட்டதுக்கே திட்டுனீங்க. ட்ரேயச் சொல்ல வந்த அந்த அக்காளையும் திட்டுனீங்க. எனக்கு வேற வலி வந்துருச்சு. நானும் கேட்டு, நீங்க கோவத்துல பிரசவத்தப்பக் கிட்ட வராம வுட்டுட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டேனுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. பொன்னி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னித்தேன் என்றும் அவள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.

7. நாலாம் கட்டிலில் இன்னொருத்தி

அத்தனை வருடமும் என் கோபம் வேலைக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். அந்த வார்டில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: ட்ரேயைப் பார்த்த முனியம்மா, கேள்வியோடு வந்த அண்ணாமலை, படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த பொன்னி. மூன்று பேர் வாயையும் அடைத்தது நான் ஒருத்தி. கையெழுத்து, ஃபார்ம், நோட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் மதியம் டியூட்டிக்கு வந்ததும், ஒப்படைப்பை மேஜைப் பக்கம் வேண்டாம், கட்டில் கட்டிலாகப் போய்ச் செய்வோம் என்று சுமதியிடம் சொன்னேன். நேரம் ஆகும் சிஸ்டர் என்றாள். ஆகட்டும் என்றேன். முனியம்மாவையும் கூட வரச் சொன்னேன். நாலாம் கட்டிலில் பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், முதல் பிரசவம். சுமதி தான் செய்ததைச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். முனியம்மாவைப் பார்த்து, ஏதாவது இருக்கா என்று கேட்டேன். இல்லீங்க என்றாள்.

பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து, “ஒனக்குச் செய்யறம்னு சொன்னதுல எதாச்சும் இன்னும் செய்யாம இருக்குதாம்மா?” என்று கேட்டேன்.

அவள் சுமதியைப் பார்த்தாள். முனியம்மாவைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். என் பெயர் அவள் காதுக்கும் போயிருக்கும்போல.

“சொன்னா திட்ட மாட்டீங்கல்ல?” என்றாள்.

“மாட்டேன். சொல்லு” என்றேன்.